பொறுமையுள்ள பெட்ரோல்

 

'வேகக் காருக்கு விலை கூடின பெட்ரோல் அவசியமா, ஆடம்பரமா?' அவசியம் என்பது எங்கள் அணி. எதிரணி ஐயா சொன்னார்: "பெட்ரோல் எல்லாம் ஒண்ணுதான். ஆக்டேன்ங்கிறது பணக்காரங்க ஜம்பம்!"

ஐயா, ஆம்பூருக்குப் போய் 'தோல் எல்லாம் ஒண்ணுதான்'னு சொல்லிப் பாருங்க! (சிரிப்பு) ஆட்டுத்தோலை ஷூவுக்குச் சோலா வச்சா தேஞ்சு போகும். எருமைத்தோலை உள்ளே லைனிங்கா வச்சா காலைக் கடிக்கும். எது உசத்திங்கிறது கேள்வி இல்லை. எது எதுக்குங்கிறதுதான் கேள்வி.

ஆக்டேன்னா என்ன? பெட்ரோலின் பொறுமை! எஞ்சினுக்குள்ளே பெட்ரோலும் காத்தும் கலந்து அமுங்குது. பிளக் பொறி விட்டதும் தீ சீராப் பரவணும். பொறுமையில்லாத பெட்ரோல், தீ வந்து சேருமுன்னே ஒரு மூலையில தானா வெடிக்கும். தகர டப்பாவில் கோலி உருட்டின மாதிரி சத்தம் வரும். பலமா, விடாம அடிச்சா பிஸ்டனே ஓட்டையாகலாம். டர்போ வச்ச வேகக் காரில் அமுக்கம் அதிகம். அதோட நம்ம வேலூர்க் கத்திரி வெயிலும் சேர்ந்தா? சூட்டில் பெட்ரோலுக்கும் பொறுமை குறையும்! (கைதட்டல்)

"இப்போதைய காரில் நாக் சென்சார் இருக்கே?" என்பார்கள். இருக்கு. அது பொறியைத் தள்ளிப் போட்டு எஞ்சினைக் காப்பாத்தும். ஆனா இழுவை குறையும், மைலேஜும் குறையும். பல லட்சம் கொடுத்து வாங்கின வேகத்தைப் பெட்ரோல் பங்க்கில் தொலைப்பது சிக்கனமா?

என் அணித் தம்பி ஒருத்தர், "எல்லாக் காருக்கும் 100 ஆக்டேன் ஊத்துங்க, பறக்கும்"னார். அதை நானே ஒத்துக்க மாட்டேன். (சிரிப்பு) பொறுமை வேற, பலம் வேற. எத்தனாலுக்கு ஆக்டேன் 100-க்கும் மேலே. ஆனா ஒரு லிட்டரில் உள்ள சக்தி, பெட்ரோலில் சுமார் மூணில் ரெண்டு பங்குதான்! இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோல் கொண்டு வந்தது. 91 போதும்ங்கிற சின்னக் காருக்கு அதை ஊத்தினா பர்ஸ்தான் இளைக்கும். ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வேணும். அதுக்காக இட்லிக்கும் அதையே அரைப்போமா?

அதனால தாய்மார்களே, பெட்ரோல் மூடிக்கிட்ட ஒட்டியிருக்கிற சீட்டையும், காரோட கொடுத்த கைப்புத்தகத்தையும் வீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லுங்க. குறைந்தபட்சம் 95-னு போட்டிருந்தா 95. 91-னு இருந்தா 91. காலுக்குத் தகுந்த செருப்பு!

கேட்கிற காருக்குக் கேட்கிறதைக் கொடுப்பது ஆடம்பரமல்ல, அவசியமே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பளிக்க வேண்டும். (கைதட்டல்)