எண்ணெய் விலையும் உழைப்பாளியின் சைக்கிளும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெட்ரோல் விலை ஏறினால் நமக்கென்ன, நம்மிடம் காரா இருக்கிறது என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படிக் கேட்க முடியாது. இரவு ஷிப்டுக்குப் போகும் ஆலைத் தொழிலாளி டி.வி.எஸ். 50 வண்டியில் போகிறார். நடவுக்குப் போகும் பெண்கள் லோடு ஆட்டோவில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போகிறார்கள். அந்த வாடகை பல ஊர்களில் அவர்கள் கூலியிலேயே கழிகிறது. உழுவது டிராக்டர், அறுப்பது இயந்திரம், அரிசி மூட்டையைக் கொண்டுவருவது லாரி. எல்லாம் எண்ணெயில் ஓடுகின்றன. ஆகவே எண்ணெய் விலை என்பது நமது சோற்று விலை.

இந்த விலை ஏன் ஏறுகிறது? உலக மார்க்கெட்டில் ஏறுகிறது, நாங்கள் என்ன செய்வோம் என்று ஆட்சியாளர்கள் கையை விரிக்கிறார்கள். 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும், 2014 அக்டோபரில் டீசல் விலையையும் மார்க்கெட்டின் கையில் விட்டார்கள். உலகத்தில் விலை இறங்கினால் உங்களுக்கும் இறங்கும் என்றார்கள். இறங்கியதா?

கணக்கைப் பாருங்கள். 2014 நடுவில் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. அந்த இடைக்காலத்தில் மத்திய சர்க்கார் ஒன்பது தடவை கலால் வரியை ஏற்றியது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கில் உலகமே முடங்கி, கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்குச் சரிந்தது. அடுத்த மாதமே பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும், டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றினார்கள். 2014இல் பெட்ரோல் மீது மத்திய வரி 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதத்தில் அது 32 ரூபாய் 98 காசு. டீசல் மீது 3 ரூபாய் 56 காசாக இருந்தது 31 ரூபாய் 83 காசு ஆயிற்று. இதற்கு மேல் மாநில சர்க்காரின் வாட் வரி வேறு!

பின்னால் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் கொஞ்சம் குறைத்தார்கள். குறைத்த பிறகும் பெட்ரோல் மீது 19 ரூபாய் 90 காசு நின்றது. பழைய வரியைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்! 2025 ஏப்ரலில் மறுபடியும் லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றினார்கள். இதில் செஸ் என்ற பெயரில் வசூலாவதில் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது.

ஒரு தொழிலாளி தினம் போக வர 30 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறார் என்று வையுங்கள். மாதம் 26 நாள். சுமார் 15 லிட்டர் பெட்ரோல். 2020 மே மாத விகிதப்படி மத்திய வரி மட்டும் மாதம் 495 ரூபாய். வேலைக்குப் போவதற்காக அவர் கட்டிய வரி இது! அதற்கு எட்டு மாதம் முன்னால், 2019 செப்டம்பரில், பெரிய கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று சொன்னது அதே சர்க்கார்தான். அங்கே விட்டதை இங்கே பிடித்தார்கள். அவ்வளவுதான் இந்த மர்மம்.

சரி, எண்ணெய்ச் செலவைக் குறைக்க வழி என்ன? மூன்று வழிகள் சொல்கிறார்கள்: டீசல், பயிரிலிருந்து எடுக்கும் எரிபொருள், சைக்கிள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: மிச்சமாகும் காசு யார் மடியில் விழுகிறது?

முதலில் டீசல். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சக்தி அதிகம். டீசல் என்ஜின் எரிபொருளைச் சிக்கனமாகவும் பயன்படுத்தும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் அது பொருத்தம். அதனால்தான் அந்நாளில் டீசல் விலையைச் சர்க்கார் தாழ்த்தி வைத்திருந்தது. நடந்தது என்ன? 2012 வாக்கில் பெட்ரோலைவிட டீசல் மிக மலிவாக இருந்தபோது, பணக்காரர்கள் டீசல் கார்களை வாங்கிக் குவித்தார்கள். ஏழையின் பஸ்ஸுக்கென்று தந்த சலுகையில் சொகுசுக் கார் ஓடிற்று. காருக்குத் தனி வரி போட்டு அதைத் தடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுச் சலுகையையே வெட்டினார்கள். 2013 ஜனவரி முதல் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 2020 ஜூனில் டில்லியில் பெட்ரோலைவிட டீசல் விலை அதிகம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கார்க்காரர் அடுத்த முறை பெட்ரோல் கார் வாங்கிக்கொண்டார். லாரி வாடகை ஏறிற்று. மளிகைக் கடையில் நாம் கட்டினோம்.

இரண்டாவது, பயிர் எரிபொருள். இது புதிய விஷயமல்ல. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நமது நாட்டில் 2003 முதல் காட்டாமணக்கு என்று தம்பட்டம் அடித்தார்கள். தரிசு நிலத்தில் தண்ணீரில்லாமலே காய்த்துக் கொட்டும் என்றார்கள். காய்க்கவில்லை. நம்பி நட்ட விவசாயி நஷ்டப்பட்டான்.

பிறகு எத்தனால் வந்தது. 2025இல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலையை எட்டிவிட்டோம் என்று சர்க்கார் அறிவித்தது. அந்நிய எண்ணெய் இறக்குமதி குறைவது நல்லதுதான். ஆனால் எத்தனாலில் சக்தி குறைவு. ஒரு லிட்டர் எத்தனால் சுமார் முக்கால் லிட்டர் பெட்ரோலுக்குக்கூட ஈடாகாது. இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. வண்டி ஓடும் தூரம் குறைந்தது. பங்கில் விலை குறைந்ததா?

அதைவிடப் பெரிய விஷயம் அரிசி. கரும்புச் சாற்றோடும் கழிவுப் பாகோடும் நிற்காமல், மக்காச்சோளத்தையும் அரிசியையும் எத்தனாலாகக் காய்ச்சுகிறார்கள். 2025இல் இந்திய உணவுக் கழகக் கிடங்குகளிலிருந்து 52 லட்சம் டன் அரிசியைக் கிலோ 22 ரூபாய் 50 காசு விலையில் எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள். நாற்று நட்டவள் ரேஷன் கடை வாசலில் நிற்கிறாள். அவள் நட்ட நெல் காரின் டாங்கியில் ஏறுகிறது! 2007இல் மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டியின் விலை ஏறி, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்கா மக்காச்சோளத்தை எத்தனாலுக்குத் திருப்பியது அதற்கு ஒரு காரணம். அதே ஆண்டு, உணவை எரிபொருளாக்கும் திட்டம் ஏழை நாடுகளைப் பட்டினியில் தள்ளும் என்று பிடல் காஸ்ட்ரோ நோய்ப்படுக்கையிலிருந்து எழுதி எச்சரித்தார். சாண எரிவாயு வேண்டும். கரும்புச் சக்கையில் மின்சாரம் வேண்டும். கழிவுப் பாகில் எத்தனால் வேண்டும். மனிதன் தின்னும் தானியம் வேண்டாம்!

மூன்றாவது, சைக்கிள். எண்ணெய் கேட்காத வண்டி. உழைப்பாளியின் சொந்த வண்டி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்ணும் வயல் வேலை செய்யும் பெண்ணும் பஸ்ஸுக்கும் ஆண்பிள்ளைக்கும் காத்திராமல் தாமே புறப்பட்டார்கள்.

அதே காலத்தில் கியூபாவில் ஒரு பெரிய சோதனை வந்தது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததும் அங்கிருந்து வந்த எண்ணெய் வற்றிப்போயிற்று. அமெரிக்காவின் முற்றுகை வேறு. கியூபா சீனாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேல் சைக்கிள்களை வரவழைத்து, தொழிலாளருக்கும் மாணவருக்கும் சலுகை விலையில் கொடுத்தது. ஹவானா நகரில் சைக்கிளுக்குத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். கடலடிச் சுரங்கப் பாதையைக் கடக்க, சைக்கிளோடு ஆளையும் ஏற்றிச்செல்லும் பஸ் விட்டார்கள். டீசல் லாரியின் பின்னால் நீண்ட பெட்டியைக் கோத்து, இருநூறு பேருக்கு மேல் ஏறும் பஸ்ஸாக்கினார்கள்; முதுகு இரண்டு இடத்தில் உயர்ந்திருந்ததால் ஜனங்கள் அதை 'ஒட்டகம்' என்றார்கள். டிராக்டர் நின்ற வயலில் எருதுகள் உழுதன.

அங்கே பாலும் தேனும் ஓடியது என்று நான் சொல்லவரவில்லை. ஜனங்கள் உடல் மெலிந்தார்கள். 2024 அக்டோபரிலும் எண்ணெய்ப் பஞ்சத்தாலும் பழைய மின்நிலையங்களாலும் நாடு முழுதும் இருண்டது. ஆனால் 1990களில் அவர்கள் காட்டிய பாடம் ஒன்று உண்டு: இருப்பது கொஞ்சமானால், அந்தக் கொஞ்சம் முதலில் பொது வண்டிக்குப் போகவேண்டும்.

இங்கே என்ன செய்கிறார்கள்? சைக்கிள் மிதித்தால் உடம்புக்கு நல்லது என்று உபதேசம் செய்துகொண்டே, 2017 முதல் 2025 செப்டம்பர் வரை அந்தச் சைக்கிளுக்கும் 12 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கினார்கள்! எட்டு மணி நேரம் நூல் ஓட்டிய கால், குனிந்து நட்ட இடுப்பு, இருட்டில் லாரிகள் பாயும் சாலையில் இன்னும் 15 கிலோமீட்டர் மிதிக்கவேண்டுமா? சைக்கிள் நமது உரிமையாக இருக்கட்டும். நமக்குத் தண்டனையாக வேண்டாம்.

ஆகவே தோழர்களே, தனித்தனியாகச் சிக்கனம் பிடித்து இந்தக் கொள்ளையிலிருந்து தப்ப முடியாது. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கூலிக்காரப் பெண்ணின் மடியில் காசு நின்றது. பொது வண்டிதான் பெரிய சிக்கனம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நாம் கேட்பது இவை. எண்ணெய் மீதான கலால் வரியையும் செஸ்ஸையும் வெட்டு. கம்பெனி லாபத்தின் மீது வரி போடு. ஷிப்டு நேரத்துக்கு ஏற்றபடி அரசு பஸ் விடு. பஞ்சப்படி இல்லாத காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், எண்ணெய் விலையோடு ஏறும் பயணப்படி கொடு. வயல் வேலைக்கு வண்டி வாடகையைக் கூலியில் கழிக்காதே. உண்ணும் தானியத்தை எத்தனாலுக்குக் கொடுக்காதே. சாலையில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கு.

ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இதைப் பேசுங்கள். ஆலைத் தொழிலாளியின் வண்டியைக் கறக்கும் கைதான் நடவுப் பெண்ணின் கூலியையும் கறக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தால்தான் அந்தக் கையை நிறுத்த முடியும். ஊருக்கு ஊர் கையெழுத்து வாங்குவோம். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே கொடியின்கீழ் ஊர்வலம் போவோம். சைக்கிளிலேயே போவோம்!

தொழிலாளர் விவசாயி ஒற்றுமை ஓங்குக!