பெரிது என்னும் சொல்



ஆங்கிலம் பயிலும் சிறுவன் முதன்முதலில் அறியும் சொற்களுள் ஒன்று ‘பிக்’. ‘பெரிய’ என்று பொருள் சொல்லிவிட்டு நாம் அப்பாற் சென்றுவிடுகிறோம். ஆயினும் அச்சொல்லின் வரலாறு அத்துணை எளிதன்று. ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் வடபகுதியில் அது எழுத்தில் தலைகாட்டியது. அக்காலத்தில் அதற்கு வலிமை மிக்க என்பதே பொருள். உருவ அளவைக் குறித்தது பின்னரே. ஸ்காண்டிநேவிய நாட்டு மொழியொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பர். துணிந்து உரைப்பார் இலர். அதனோடு ஒருங்கு வழங்கும் ‘கிரேட்’ பழைய ஆங்கிலத்தில் பருத்தது எனப் பொருள்பட்டது. ‘லார்ஜ்’ என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு வாரி வழங்குவது என்று பொருள். வலிமை, பருமை, வண்மை ஆகிய மூன்றும் வெவ்வேறு வழியே நடந்து, அளவு என்னும் ஒரே சத்திரத்தில் வந்து தங்கின.

தமிழிலோ ‘பெரு’ என்னும் ஓர் அடியே பல கிளைகளாகப் படர்ந்தது. பெருகுதல் வளர்ச்சி, பெருமை மதிப்பு, பெரியோர் வயதிலும் அறிவிலும் மூத்தோர், பேராறு, பேரூர் என்பவற்றில் மட்டுமே அளவு முன்னிற்கிறது.

இக்கிளை நம் எல்லையோடு நிற்கவில்லை. சென்னையிலிருந்து வடக்கே புறநகர் ரயிலில் சென்றால், பழவேற்காட்டு ஏரிக்கரைப் பக்கத்தில் சூளூர்பேட்டை வரும். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்திற்குச் செல்வோர் இறங்கும் ஊர் அது. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே கடைவீதியில் உலவுகின்றன. தெலுங்கர் ‘பெத்தம்மா’ என்றால், புதிதாய்ச் சென்ற தமிழர் ‘பெற்ற தாய்’ என்று கொள்வது இயல்பு. அச்சொல் குறிப்பதோ நம் பெரியம்மாவை! தெலுங்கின் ‘பெத்த’வும் நம் ‘பெரிய’வும் ஒரே வேரின என்பது மொழிநூலார் முடிபு. அரசு மருத்துவமனையை நாம் ‘பெரியாஸ்பத்திரி’ என்கிறோம். அவர்கள் ‘பெத்தாசுபத்திரி’ என்கிறார்கள். இரண்டிலும் கட்டடத்தின் பரப்பு பேசப்படவில்லை. ஊர்க்கெல்லாம் தலைமையான மருத்துவமனை என்பதே கருத்து.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கேதான் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரை ‘பிக் மேன்’ என்றால் அவர் உடல் பருத்தவராகவும் இருக்கலாம், செல்வாக்கு மிக்கவராகவும் இருக்கலாம். பருத்தவரைப் ‘பெரிய மனிதர்’ என எழுதினால், அவருக்கு இல்லாத அந்தஸ்தை நாம் வழங்கியவராவோம். ‘பிக் பிரதர்’ என்பவரும் பெரிய சகோதரர் அல்லர். நம் வீட்டு அண்ணன்தான். சாலையானால் அகன்றது, மரமானால் உயர்ந்தது, தூணானால் பருத்தது என்று பொருளைப் பார்த்துச் சொல்லைத் தேர்தல் வேண்டும்.

பெங்களூரில் வாழும் நேயர்கள் ‘பால்’ என்பது ‘ஹாலு’ ஆவதையும், ‘புலி’ என்பது ‘ஹுலி’ ஆவதையும் அறிவார்கள். அவ்வழியிலேயே நம் பெரியோர் அங்கே ‘ஹிரியரு’ ஆகின்றனர். கேரளத்திலோ பெரியதை ‘வலிய’ என்பர். நமக்கு அது வலிமை உடையதைக் குறிக்கும். வலிமையிலிருந்து அளவுக்கு வந்த ஆங்கிலச் சொல்லின் பயணம், நம் அண்டை வீட்டிலும் நிகழ்ந்திருக்கிறது.

வெளி மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகள் வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று மூன்றைச் சுமக்கிறார்கள். சுமை என்று எண்ணி வீட்டுமொழியை முதலில் இறக்கி வைப்போரும் உண்டு. இந்த ஒரு சொல்லை எடுத்து, அதன் உறவுகளை அவர்களுக்குக் காட்டுங்கள். வீதியில் கேட்பது அந்நியச் சொல் அன்று, பெரியம்மா வீட்டுச் சொல் என்று கண்டுகொண்டால், இரு மொழியும் அவர்களிடம் நிலைக்கும்.