ஃபார்ம்ல இருக்கற அந்தச் சிவப்பு நட்சத்திரம்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பஸ்ல, மெட்ரோல, பாத்திரம் தேய்ச்சிக்கிட்டு, எங்க இருந்து கேக்கறீங்களோ தெரியல. இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்ல. நான் மட்டும்தான்.

ஆன்லைன்ல எந்த ஃபார்ம் நிரப்பினாலும் சில கட்டங்களுக்குப் பக்கத்துல ஒரு குட்டி சிவப்பு நட்சத்திரம் இருக்கும், பாத்திருப்பீங்க. அதை நிரப்பலன்னா அடுத்த பக்கம் போக முடியாது. ஒரு கட்டத்துக்கு அந்த நட்சத்திரத்தை வைக்கறது என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒரே ஒரு வரி கோடு. யோசிக்காமலே போட்டுடுவோம். நான் அப்படிப் போட்ட ஒரு வரியைப் பத்தித்தான் இந்த எபிசோட்.

போன வருஷம் ஆகஸ்ட் மாசம். ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் தினம். 1982ல ஜெனிவாவில் பழங்குடி மக்களுக்கான ஐ.நா. பணிக்குழு முதல்முறையா கூடின நாள் அது. அதை நினைவுல வெச்சு 1994ல ஐ.நா. சபை இந்த நாளை அறிவிச்சுது. அந்த வாரத்துல நம்ம ஊர்லயும் நிகழ்ச்சிகள் நடக்கும். நடனம், கண்காட்சி, தேன், மூலிகை ஸ்டால், மேடையில் பொன்னாடை. எனக்குத் தெரிஞ்ச ஒரு தன்னார்வக் குழு, இந்தத் தடவை அதோட ஒரு வேலைவாய்ப்பு முகாமும் வைக்கலாம்னு முடிவு பண்ணாங்க. திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் இருக்கற இருளர் குடியிருப்புகள்ல படிச்ச பசங்களுக்காக. சில கம்பெனி எச்.ஆர். வர்றதா ஒத்துக்கிட்டாங்க. "பதிவு பண்ண ஒரு ஃபார்ம் பண்ணிக் குடுப்பா"ன்னு என்கிட்ட கேட்டாங்க.

ரெண்டு மணி நேர வேலை. பேர், வயசு, படிப்பு, போன் நம்பர், சாதிச் சான்றிதழ் எண். எல்லாத்துக்கும் நட்சத்திரம். பழங்குடியினருக்கான முகாம், அதனால சான்றிதழ் எண் கேக்கணும்னு நானே நினைச்சுக்கிட்டேன். யாரும் என்னைக் கேக்கச் சொல்லல. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.

முகாம் அன்னிக்கு நான் பதிவு மேஜையில லேப்டாப்போட உக்காந்திருந்தேன். ஒரு பொண்ணு வந்தா. 21 வயசு, பி.காம். முடிச்சிருக்கா. கையில பிளாஸ்டிக் ஃபைல்.

"அண்ணா, நேத்து நைட்டே போன்ல பதிவு பண்ணப் பாத்தேன், போகல."

"எந்த இடத்துலம்மா நிக்குது?"

"சர்டிபிகேட் நம்பர் கேக்குது. எனக்கு இன்னும் வரலண்ணா."

"எவ்ளோ நாளா?"

"பத்தாவதுல இருந்து."

அவளுக்குப் பின்னாடி இன்னும் சில பேர் அதே காரணத்துக்காக நின்னுட்டு இருந்தாங்க. அப்பதான் பதிவான பட்டியலைத் திறந்து பாத்தேன். ஒரு பையன் அந்தக் கட்டத்துல வரிசையா பூஜ்யம் அடிச்சு உள்ள வந்திருந்தான். அவன் சாமர்த்தியசாலி. உண்மையைச் சொல்ல நினைச்சவங்க வெளியவே நின்னுட்டாங்க.

நம்மள்ல நிறைய பேருக்கு சாதிச் சான்றிதழ்னா, ஸ்கூல் படிக்கும்போது அப்பா எங்கயோ போய் வாங்கிட்டு வந்த ஒரு பேப்பர். பழங்குடியினருக்கு அப்படி இல்ல. தமிழ்நாட்டுல மத்த பிரிவுகளுக்கு தாசில்தார் அலுவலகத்தோட முடிஞ்சிடும். பழங்குடிச் சான்றிதழை மட்டும், 1989 நவம்பர்ல இருந்து, ஆர்.டி.ஓ. இல்லன்னா சப்-கலெக்டர் அளவுல இருக்கற அதிகாரிதான் தரணும். விசாரணையும் அதிகம்.

இதுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு. பழங்குடி இல்லாத ஆட்கள் போலிச் சான்றிதழ் வாங்கி அவங்க இடத்துல போய் உக்காந்துட்டாங்க. 1994ல மாதுரி பாட்டீல் வழக்குல உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலத்துலயும் சரிபார்ப்புக் குழு அமைக்கணும்னு சொன்னதும் இதனாலதான். திருடனைப் பிடிக்கணும், சரி. ஆனா போலி ஆளுக்குப் பணம் இருக்கு, பேப்பர் இருக்கு, தெரிஞ்ச ஆள் இருக்கு. அவனுக்காக வெச்ச பூட்டு இந்தப் பொண்ணு வீட்டு வாசல்லதான் தொங்குது.

என்ன ஆவணம் கேப்பாங்க? ரத்த சொந்தத்துல யார்கிட்டயாவது ஏற்கெனவே இருக்கற சான்றிதழ், பள்ளிக்கூட டி.சி., நில ஆவணம், நிரந்தர முகவரி. இவ குடும்பத்துல காலேஜ் போன முதல் ஆளே இவதான். நிலம் கிடையாது. அப்பா அம்மா செங்கல் சூளை வேலை. சீசனுக்கு ஒரு ஊர். முதல் வேலைக்கே ரெண்டு வருஷ அனுபவம் கேக்கறாங்கன்னு நாம லிங்க்ட்இன்ல மீம் போடுவோம்ல? முதல் சான்றிதழ் வாங்க வீட்டுல யாருக்காவது சான்றிதழ் இருக்கணும். அதே ஜோக்தான், இங்க யாரும் சிரிக்கறதில்ல.

விசாரணைக்கு வந்தவங்க என்ன கேட்டாங்கன்னு சொன்னா. "எலி பிடிக்கத் தெரியுமா, பாம்பு பிடிக்கத் தெரியுமான்னு கேட்டாங்கண்ணா. தெரியாதுன்னேன். அப்புறம் நீ எப்படி இருளர்னு கேட்டாங்க." பி.காம். படிச்ச பொண்ணுகிட்ட.

நான் உடனே என்ன பண்ணேன்? நமக்குத்தான் கூகுள் அறிவு இருக்கே. வடநெம்மேலி கதையை அவகிட்டயே சொல்ல ஆரம்பிச்சுட்டேன். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். ஈ.சி.ஆர். ரோட்ல முதலைப் பண்ணை இருக்கில்ல, அந்த வளாகத்துல இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. 1970கள்ல பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும், தோலுக்காகப் பாம்பு பிடிச்சிட்டிருந்த இருளர் குடும்பங்கள் ஒரே நாள்ல வேலை இல்லாதவங்களா ஆனாங்க. 1978ல இந்தச் சங்கம் தொடங்குச்சு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலையும் வனத்துறை அனுமதியோட பிடிச்சிட்டு வந்து, சில வாரம் வெச்சிருந்து விஷம் எடுப்பாங்க. அப்புறம் வயித்துச் செதில்ல அடையாளம் போட்டுக் காட்டுலயே விட்டுடுவாங்க. பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில போடற மருந்தைத் தயாரிக்க இந்த விஷம்தான் போகுது. 2017ல மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்கள் அமெரிக்காவுக்கே போனாங்க. ஃபுளோரிடால பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

இதையெல்லாம் ஆர்வமா சொல்லிட்டு, "உங்க ஆளுங்க எவ்ளோ பெரிய திறமைசாலிங்க தெரியுமா"ன்னு முடிச்சேன். அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுட்டு சொன்னா:

"தெரியும்ணா. எங்க தாத்தா பிடிப்பாரு. எனக்குப் பாம்புன்னா பயம். எனக்கு டேலி தெரியும்."

எனக்கு வெக்கமாப் போச்சு. விசாரணைக்கு வந்தவங்க அதட்டிக் கேட்டதையே நான் பாராட்டுற மாதிரி பேசியிருக்கேன், அவ்ளோதான் வித்தியாசம். தாத்தாவோட அறிவுக்கு மரியாதையும் சம்பளமும் கிடைக்கணும். அதுக்காகப் பேத்தியும் புத்தைத் தேடிப் போகணும்னு இல்ல. இன்ஜினியர் பையன் மாட்டு வண்டி ஓட்டிக் காட்டினாத்தான் விவசாயி மகன்னு நம்புவேன்னு யாராவது சொல்றாங்களா?

சரி, அந்தப் பேப்பர் இல்லன்னா என்ன நஷ்டம்? நானும் அதைத்தான் கேட்டேன்.

முதல்ல உதவித்தொகை. சான்றிதழ் இல்லன்னா பழங்குடி மாணவர்களுக்கான காலேஜ் உதவித்தொகை கிடையாது. அப்ப ஃபீஸ் எங்கிருந்து வந்துச்சு? அவங்க அப்பா சூளை முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கினார். அட்வான்ஸ்ங்கற வார்த்தை நமக்கு வீட்டு வாடகை. சூளையிலயும் அரிசி ஆலையிலயும் மரம் வெட்டற இடத்துலயும் அதுக்கு அர்த்தம் வேற. கடன் தீர்ற வரைக்கும் வேற இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது. கணக்கு முதலாளி நோட்டுல இருக்கும். 1976லயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தாச்சு. ஆனா ஒரு குடும்பம் அதுல மாட்டறது இப்படித்தான் ஆரம்பிக்குது. ஆபீஸ்ல ஒரு கையெழுத்து தள்ளிப்போன ஒவ்வொரு வருஷத்துக்கும், இந்த வீட்டுல நோட்டுல ஒரு வரி ஏறியிருக்கு.

அடுத்தது அரசு வேலை. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுல பழங்குடி மக்கள் 7 லட்சத்து 94 ஆயிரம் பேருக்கு மேல, மக்கள் தொகையில சுமார் 1.1 சதவீதம். மாநிலத்தோட 69 சதவீத இட ஒதுக்கீட்டுல அவங்களுக்குன்னு 1 சதவீதம். 1990க்கு முன்னாடி அதுவும் தனியா இல்ல, பட்டியல் சாதியினரோட சேர்த்து 18 சதவீதமா இருந்துச்சு. மத்திய அரசு வேலையில 7.5 சதவீதம். 1 சதவீதம்னா 200 இடத்துக்கு 2. பத்து இருபது பேரை எடுக்கற ஒரு துறையில அந்த முறை எப்ப வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அப்படி வர்ற அந்த ஒரு இடத்துக்கும் சான்றிதழ் வேணும். அது இல்லன்னா அவ பொதுப் பிரிவுல, உங்களோடயும் என்னோடயும் போட்டி போடணும்.

இன்னொண்ணு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. பழங்குடிப் பட்டியல்ல சில பேருக்கு மாவட்ட எல்லையும் போட்டிருக்கு. மலையாளின்னு ஒரு மலைவாழ் சமூகம் இருக்கு. கேரளாக்காரங்கள சொல்லல. சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை பக்கம் அவங்க பழங்குடி. அதே மக்கள் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில இருந்தா பட்டியல்ல இல்ல. அதுக்காகப் பல வருஷமா போராடிட்டு இருக்காங்க.

2024ல ஜவ்வாது மலைப் பக்கத்துல இருந்து ஸ்ரீபதி சிவில் நீதிபதி தேர்வுல ஜெயிச்சாங்க. குழந்தை பிறந்து ரெண்டு நாள்ல வந்து எழுதின தேர்வு. நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம், நானும் வெச்சேன். வெக்கணும். ஆனா பிரசவமான ரெண்டாவது நாள் எழுந்து வர்றவங்களால மட்டும்தான் தாண்ட முடியுதுன்னா, அந்த வாசலை எவ்ளோ உயரமா கட்டி வெச்சிருக்கோம்னும் யோசிக்கணும்.

மறுபடியும் முகாமுக்கு வர்றேன். நான் எழுந்து எச்.ஆர். ஆளுங்ககிட்ட போய்க் கேட்டேன். "சார், உங்களுக்கு சாதிச் சான்றிதழ் வேணுமா?" ஒருத்தர் ஆச்சரியமா பாத்தார். "எங்களுக்கு எதுக்கு சார்? டிகிரி, ஆதார் போதும்." தனியார் கம்பெனி. அங்க இட ஒதுக்கீடே கிடையாது. அவங்க கேக்காத ஒண்ணை நான்தான் வாசல்ல நின்னு கேட்டிருக்கேன்.

லேப்டாப்பைத் திறந்து நட்சத்திரத்தை எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகல. வரிசையில நின்னவங்க எல்லாரும் உள்ள போனாங்க. முந்தின நாள் ராத்திரி போன்ல முயற்சி பண்ணிட்டு, போகலன்னு அன்னிக்கு வராமலே இருந்தவங்க எத்தனை பேர்? அந்தக் கணக்கு என்கிட்ட இல்ல. ஃபார்ம் உள்ள வந்தவங்களைத்தான் எண்ணும்.

அந்தப் பொண்ணுக்கு ஒரு கிடங்குல பில்லிங் வேலை கிடைச்சுது. இப்பவும் போயிட்டிருக்கா. முதல் சம்பளத்துல அப்பாவோட அட்வான்ஸ்ல ஒரு பகுதியைக் கட்டினேன்னு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. குரூப் 4க்கும் படிக்கறா. சான்றிதழ் இன்னும் வரல. போன மாசம் விசாரிச்சப்போ "ஃபைல் மேல போயிருக்கு"ன்னு சொன்னாங்களாம்.

கேக்கறவங்களுக்கு மூணு விஷயம் சொல்லணும்னு தோணுது.

ஒண்ணு, நீங்க எச்.ஆர்.ல இருந்தாலோ, என்னை மாதிரி ஃபார்ம் பண்றவரா இருந்தாலோ, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் "இது யாருக்கு வேணும்?"னு கேளுங்க. பதில் இல்லன்னா எடுத்துடுங்க.

ரெண்டு, முகாம் நடத்தினா குடியிருப்புக்குப் பக்கத்துல நடத்துங்க. இல்லன்னா பஸ் காசும் அன்னியக் கூலியும் குடுங்க. ஒரு நாள் லீவு நமக்கு சி.எல்., அவங்களுக்கு அன்னிக்கு அடுப்பு எரியுமாங்கற கேள்வி. அறிவிப்பை இங்கிலீஷ் பி.டி.எஃப்.ல போடாம, தமிழ்ல, குரல்ல அனுப்புங்க.

மூணு, சான்றிதழ். இதை ஒரு நாள் நல்ல மனசால முடிக்க முடியாது. திண்டிவனத்துல பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் மாதிரி அமைப்புகள் வருஷக்கணக்கா மனு எழுதி, அலைஞ்சு, போராடித்தான் பல பேருக்கு வாங்கிக் குடுத்திருக்காங்க. அவங்களுக்கு வேண்டியது பொன்னாடை இல்ல. ஸ்கேன் பண்ண, விண்ணப்ப நிலையைத் தொடர்ந்து பாக்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கூட நிக்க ஆள் வேணும். மாசத்துல ஒரு நாள் போதும். நான் போயிட்டிருக்கேன். என்னோட வேலை பெரும்பாலும் ஜெராக்ஸ் எடுக்கறதுதான்.

அடுத்த ஆகஸ்ட் 9க்கும் மேடையில ஆட்டம் இருக்கும். போங்க, கைதட்டுங்க. தட்டிட்டு கீழ இறங்கி வர்ற பொண்ணுகிட்ட "சான்றிதழ் வந்துடுச்சாம்மா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

இன்னிக்கு இவ்ளோதான் மக்களே. உங்க ஆபீஸ் ஃபார்ம்ல இப்படித் தேவையில்லாத நட்சத்திரம் எதையாவது பாத்தா, வாய்ஸ் நோட்ல எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.