பழைய படங்களில் குடியானவர் அடுப்பங்கரை

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



ஒரு குடும்பத்தின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் அதன் திண்ணையைப் பார்த்தல் போதாது. அடுப்பங்கரையைப் பார்த்தல் வேண்டும். திண்ணை ஊராருக்காக மெழுகப்படுவது. அடுப்பங்கரையோ அக்குடும்பத்தின் வரவு செலவை ஒளிக்காமல் காட்டும் பேரேடு. பானையில் தானியம் உண்டா, விறகுக்கு வழி என்ன, தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து சுமக்கப்படுகிறது, பழைய கடன் தீர்ந்ததா என்பன யாவும் அங்கே தெரிந்துவிடும். இதனை விளக்குவதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியானவர் வீடுகளில் எடுக்கப்பட்ட சில பழைய புகைப்படங்கள் மிகவும் உதவுகின்றன. அமெரிக்கா என்றவுடன் செல்வமே பலருடைய நினைவுக்கு வரும். இப்படங்களில் காண்பது வேறு.

முதலில் நெப்ராஸ்கா மாகாணத்தைப் பார்ப்போம். அங்கே கஸ்டர் ஜில்லாவில், 1886-ம் வருஷம் முதல், ஸாலமன் புட்சர் என்பவர் வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று, புதிதாகக் குடியேறிய விவசாயிகளைப் படம் பிடித்தார். அது மரமற்ற சமவெளி. ஆகவே ஜனங்கள் புல்வேர் பின்னிய நிலத்தைக் கலப்பையால் கட்டி கட்டியாகப் பெயர்த்து, செங்கல்லைப் போல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். விறகு அரிது, காய்ந்த சாணமும், மக்காச்சோளச் சக்கையும், முறுக்கிய புல்லுமே அடுப்பெரித்தன. மழை பெய்தால் கூரையிலிருந்து சேற்று நீர் சட்டியில் சொட்டும். அதைத் தடுக்கக் கூரைக்கு அடியில் துணி கட்டிய ஸ்திரீகளும் உண்டு.

ஆனால் புட்சரின் படங்களில் அடுப்பங்கரையைக் காண்பது அரிது. அறைகள் இருண்டவை, ஆதலால் குடும்பத்தார், குதிரை, பசு, மேஜை, நாற்காலி எல்லாம் வெளியே நிறுத்தப்பட்டன. ஒரு வீட்டு அம்மாள், கிழக்கே உள்ள சுற்றத்தாருக்குத் தன் மண் வீட்டைக் காட்ட மனமின்றி, வீட்டிலிருந்த ஆர்கன் வாத்தியத்தை முற்றத்துக்குத் தூக்கி வரச் செய்து, அதன் அருகில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். இதைக் கண்டு நகைத்தல் தகாது. மானமுள்ள எவரும் செய்யக்கூடியதே அது. எனினும் படத்தில் மறைத்ததனால் கூரையின் ஒழுக்கு நின்றுவிடவில்லை.

இரண்டாவதாக அலபாமா மாகாணத்தில் ஓர் ஆற்று வளைவில் அமைந்த கீஸ் பெண்டு என்னும் ஊர். அங்கு வாழ்ந்தவர்கள், முன்னாளில் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த நீக்ரோ மக்களின் சந்ததியார். விடுதலைக்குப் பின்னும் நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு, விதைக்கும் உணவுக்கும் ஒரு வியாபாரியிடம் கடன் வாங்கி வந்தார்கள். பருத்தி விலை வீழ்ந்தது, கடன் ஏறியது. 1932-ல் அவ்வியாபாரி இறந்தபின், அவர் குடும்பத்தார் கடனுக்கு ஈடாக அறுபது குடும்பங்களின் மாடுகளையும் கருவிகளையும், சேர்த்து வைத்திருந்த தானியத்தையும் கிழங்கையும் கூட அள்ளிச் சென்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தார் அனுப்பிய உணவினால் ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள்.

1937-ல் சர்க்கார் சார்பில் ஆர்தர் ராத்ஸ்டைன் என்னும் புகைப்படக்காரர் அங்குச் சென்றார். அவர் எடுத்த படங்களில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசைகள் தெரிகின்றன. காற்றும் குளிரும் புகாதிருக்க உட்சுவர் முழுவதும் பழைய செய்தித்தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அத்தாள்களில் நல்ல உணவையும் உடையையும் விற்க முயலும் விளம்பரங்கள் கூட உண்டு. ஒரு படத்தில் ஒரு ஸ்திரீ துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைத்துக்கொண்டிருக்கிறாள். கிழிந்த உழைப்பு உடையும் அவ்வூரில் வீணாவதில்லை.

அவ்வருஷம் முதல் சர்க்கார் அந்நிலங்களை வாங்கி, குடியானவர்களுக்கு நியாயமான தவணையில் கடன் அளித்து, புதிய பலகை வீடுகளைக் கட்ட உதவியது. கூட்டுறவுக் கடையும், பருத்தி அரைக்கும் ஆலையும், மாவு மில்லும் ஏற்பட்டன. குடும்பப் பராமரிப்பைக் கற்பிக்க ஸ்திரீ மேற்பார்வையாளர்களும் அமர்த்தப்பட்டார்கள். காய்கறிகளையும் மாமிசத்தையும் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, நீராவி அழுத்தப் பாத்திரத்தில் வேகவைக்கும் முறை பரப்பப்பட்டது. வெறும் கொதிநீரின் சூட்டில் சாகாத கிருமியும் அழுத்த நீராவியின் சூட்டில் அழியும். ஆதலால் கோடையில் விளைந்தது குளிர்காலத்துக்கும் கெடாமல் இருக்கும்.

1939-ல் மேரியன் போஸ்ட் வால்காட் என்ற அம்மையார் அங்கு எடுத்த படங்களைக் காண்க. ஒரு தாய் தன் உக்கிராண அறையில் பயறு பொறுக்குகிறாள். அருகில் நிரம்பிய ஜாடிகள் இருக்கின்றன. மற்றொரு படத்தில் தாயும் மகளும் வெளுத்த மாவுச் சாக்கினால் நாற்காலிக்கு உறை தைக்கிறார்கள். ஏழு வருஷங்களுக்கு முன் தானியத்தை இழந்த ஊரிலே அந்த ஜாடிகள் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். முதற் படங்கள் உதவி தேவை என்பதைக் காட்டவும், பிற்படங்கள் உதவி பலித்தது என்பதைக் காட்டவும் சர்க்கார் இலாகா ஒன்றினால் எடுக்கப்பட்டவை. கணக்கைத் தணிக்கை செய்பவர் ஒரு ரசீதை மட்டும் நம்பாதது போல, படத்தையும் பிற செய்திகளோடு ஒப்பிட்டே நம்புதல் வேண்டும். அவ்வூரின் கஷ்டமும் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1960-களில் அணைக்கட்டின் நீர் அங்குள்ள நல்ல நிலங்களில் பெரும் பகுதியை மூழ்கடித்தது. அப்பொழுதும் ஸ்திரீகள் சோர்ந்திருக்கவில்லை. 1966-ல் அச்சுற்றுப்புறத்து ஸ்திரீகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தாங்கள் தைத்த போர்வைகளை வெளியூர்களில் விற்றுப் பணம் ஈட்டினார்கள். 1937-ம் வருஷத்துப் படத்தில் குளிருக்காகத் தைத்த கை, பிற்காலத்தில் குடும்பத்துக்கே வருமானம் தந்தது.

மூன்றாவதாக விளக்கும் தண்ணீரும். 1920-ல் அந்நாட்டு விவசாய இலாகா சுமார் 10,000 வீடுகளை விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், குடியானவர் மனைவி நாளொன்றுக்குச் சராசரி 11 மணி நேரத்துக்கு மேல் உழைத்தாள் என்றும், பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அவளே தண்ணீர் சுமந்தாள் என்றும் கண்டது. அக்காலத்துப் படங்களில் மேஜைமேல் மண்ணெண்ணெய் விளக்கும், வாசலில் வாளியும் தவறாமல் இருக்கும். 1935-ல் 10 பண்ணைகளில் ஏறக்குறைய 1-க்குத்தான் மின்சாரம் இருந்தது. தூரத் தூர வீடுகளுக்குக் கம்பி இழுப்பது லாபமில்லையென்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கின. 1936-ல் சட்டம் பிறந்து, சர்க்கார் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. குடியானவர்கள் பல இடங்களில் தலைக்கு 5 டாலர் சந்தா கட்டிக் கூட்டுறவு மின்சாரச் சங்கங்களை அமைத்துத் தாங்களே கம்பி இழுத்தார்கள். 1950-களின் நடுவில் 10 பண்ணைகளில் 9-க்கு மேல் விளக்கு எரிந்தது. மின்சாரப் பம்பு வைத்த வீட்டில் தண்ணீர் குழாய் வழியே அடுப்பங்கரைக்கு வந்தது. தனியொரு குடும்பத்தால் முடியாத காரியத்தைப் பலர் சேர்ந்து முடித்தார்கள்.

அன்பர்களே! இப்படங்கள் கற்பிக்கும் பாடம் ஒன்றே. கடனின் நன்மையும் தீமையும் முதலில் தெரிவது அடுப்பங்கரையில். கீஸ் பெண்டில் ஒரு கடன் பானையைக் காலி செய்தது. மற்றொரு கடன் ஜாடியை நிரப்பியது. இரண்டும் கடனே. வேறுபாடு தவணையிலும் வட்டியிலும், அதை நடத்தினவர்களின் நோக்கத்திலும் இருந்தது. ஆகையால் சங்கத்தில் கடன் மனு ஒன்று வரும்பொழுது, நிலத்தின் மதிப்பையும் ஜாமீன்தாரரின் பெயரையும் கேட்பதோடு, இப்பணம் அவ்வீட்டு அடுப்பங்கரைக்கு என்ன செய்யும் என்பதையும் அங்கத்தினர்கள் கேட்டல் வேண்டும். அக்கேள்விக்குச் சரியான விடை சொல்லத் தக்கவர் பெரும்பாலும் மனுவில் கையெழுத்திட்டவர் அல்லர். அவர் வீட்டில் அடுப்பூதிக்கொண்டிருக்கும் அம்மாளே. அவ்வம்மாளையும் அங்கத்தினராகச் சேர்த்து, அவர் சொல்லைக் கூட்டத்தில் கேட்கும் சங்கம் செழிக்கும்.