பழமும் பெருங்குடலும்
(சித்தியவானில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பழத்தட்டு இல்லாமல் நமக்கு ஒரு விசேஷமும் இல்லை. வாழையும் கொய்யாவும் பப்பாளியும் நம் வீட்டு வாசலிலேயே காய்க்கின்றன. "பழம் சாப்பிட்டால் குடலில் புற்றுநோய் வராதாமே, உண்மையா?" என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. அதற்குரிய விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இது வெறும் பேச்சன்று. எலிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அஸாக்ஸிமீத்தேன் என்னும் இரசாயனத்தை ஊசியாகப் போட்டால் எலியின் பெருங்குடலில் கட்டிகள் உண்டாகும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார், அப்படி ஊசி போட்ட எலிகளின் தீனியில் 10 விழுக்காடு கறுப்பு ராஸ்ப்பெர்ரிப் பழப்பொடி கலந்தார்கள். கட்டிகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு குறைந்ததாக 2001-இல் வெளியிட்டார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை எலிகளுக்குக் கொடுத்துக் கட்டிகள் குறைந்ததை 2006-இல் எழுதினார்கள்.

கேட்க இனிக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நாம் ஒரு நாளில் உண்பது, நீரை நீக்கினால், ஏறத்தாழ அரைக் கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு 50 கிராம் பொடி. அதற்கு அரைக் கிலோவுக்குக் கிட்டப் பழம் வேண்டும், அதுவும் தினந்தோறும். மேலும், எலிக்கு நோய் ஊசியால் சில மாதங்களில் வருகிறது. மனிதனுக்கோ பல ஆண்டுகளில் மெல்ல வளர்கிறது.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். குடலில் சதைமுளை நீக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்காவில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைத்து, பழம், காய்கறி, நார்ச்சத்தைக் கூட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, இரு பிரிவிலும் 100-க்கு 40 பேர் அளவில் முளை மீண்டும் தோன்றியிருந்தது. முடிவு 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது.

அப்படியென்றால் பழம் வேண்டாமா? தாராளமாக வேண்டும். நார்ச்சத்துள்ள உணவும் தீட்டாத தானியமும் இந்நோயின் அபாயத்தைக் குறைப்பதாக உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2018-இல் கூறியது. மதுவும், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியும் அபாயத்தைக் கூட்டுவதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. நீரிழிவுள்ளவர்கள் மட்டும் பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் அன்பர்களே, பழம் பரிசோதனைக்கு ஈடாகாது. நம் நாட்டின் 2012–2016 புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கே, பெண்களிடம் இரண்டாமிடம். பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். மலத்தில் இரத்தம் கண்டால் "மூலந்தான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லி, பப்பாளி சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கிறோம். வெளியே சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சம் உயிரைக் குடிக்கிறது.

50 வயதைத் தாண்டியவர்கள், நோய்க்குறி ஒன்றும் இல்லாவிட்டாலும், அரசாங்கக் கிளினிக்கில் மலச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை அது காட்டிக்கொடுக்கும். இரத்தமே கண்டவர்கள், எந்த வயதாயினும், நேரே மருத்துவரிடம் செல்லுங்கள். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

அடுத்த முறை பெற்றோருக்குப் பழம் வாங்கிச் செல்லும் பிள்ளைகள், அவர்களைக் கிளினிக்கிற்கும் அழைத்துச் செல்லுங்கள். இதுவே என் வேண்டுகோள்.