துரை கொடுத்த நிலம், நாம் வைத்த தெய்வம்

(புஞ்சாக் ஆலாமில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

   

சமயம் தோட்டத் தமிழனைக் கெடுத்ததா, வாழவைத்ததா? இந்த வழக்கு உங்களுக்குப் புதிதல்ல. கள்ளுக்கடையை அனுமதித்த நிர்வாகம்தான் கோயிலையும் அனுமதித்தது, இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே என்பது என் நண்பர்களில் ஒரு சாராரின் கட்சி. கோயில் இல்லாவிட்டால் மொழியும் மானமும் அன்றே போயிருக்கும் என்பது மறுசாராரின் கட்சி. இரு தரப்பும் பக்தனின் மனத்துக்குள் புகுந்து தேடுகிறார்கள். நிலப் பட்டா யார் பெயரில் இருந்தது என்று பார்ப்பதில்லை. எனக்கு அவர்களோடு உள்ள சண்டை இதுதான்.

பட்டா யார் பெயரில் என்பது ஏன் முக்கியம் என்றறியப் பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கே ஸ்பானியத் துறவியர் சபைகளே பெரும் நிலக்கிழார்கள். கலம்பாவில் அந்நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசாலின் குடும்பம் டொமினிக்கன் சபையாரின் குத்தகைக் குடி. தகராறு முற்றி 1890-91இல் மற்றக் குடிகளோடு சேர்த்து வெளியேற்றப்பட்டது. பூசை வைப்பவரே குத்தகையும் வாங்கினால் நடப்பது அது. ஆனால் அதே நாட்டில், உள்ளூர்க்காரன் என்பதால் துறவியர் சபையில் இடம் மறுக்கப்பட்ட அப்போலினாரியோ தெ லா குரூஸ், எளியவர்களைச் சேர்த்துத் தனியே ஒரு பக்தர் சபை கண்டார். 1841இல் அரசு படையனுப்பி அதை நசுக்கி அவரையும் கொன்றது. புனித வாரத்தில் பாடும் கிறிஸ்துவின் பாடுகளே ஏழைகளுக்குக் கலகத்தின் மொழியும் ஆனதை வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலேட்டோ 1979இல் வெளியிட்ட நூல் காட்டுகிறது.

நம் கோலசிலாங்கூரில் நிலம் கம்பெனியுடையது, தெய்வம் நம்முடையது. 1917இல் பிரெஞ்சுத் துரை ஆன்றி ஃபோகோனியே தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். அவரைப் போன்ற துரைமாருக்கு மாரியம்மன் மீது நம்பிக்கை ஏது? ஆனாலும் தோட்டத்தின் ஓரத்தில் அம்மனுக்கு ஒரு துண்டு நிலம் விடுவதில் செலவில்லை, ஆள் நிலைப்பான் என்ற வரவு உண்டு. பட்டா மட்டும் கைமாறவில்லை.

என் நண்பர்களில் முதல் சாரார் விடாமல் காட்டும் சான்று 1941 கிள்ளான் வேலைநிறுத்தம். கிள்ளானில் மூண்டு சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவிய போராட்டம் அது. முன்னின்ற ஆர். எச். நாதனை மே மாதம் கைது செய்து நாடு கடத்தினார்கள். அவசரநிலை வந்தது, படை வந்தது, தொழிலாளர் ஐவர் மாண்டனர். வேலைநிறுத்தக்காரர்கள் வைத்த 12 கோரிக்கைகளைப் படியுங்கள்: சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல மருத்துவம், பெண்களிடம் அத்துமீறாமை, கள்ளுக்கடையை மூடுதல், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. கோயிலைப் பற்றி ஒரு வரி இல்லை. "பார்த்தீர்களா, விழித்தவனுக்குக் கோயில் தேவைப்படவில்லை" என்கிறார்கள்.

நான் அதே பட்டியலை வேறு இடத்தில் தொடுகிறேன். பேசவும் கூடவும் உரிமை, உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, சங்கம் அமைக்க அனுமதி: இவையும் அந்த 12இல் உள்ளவை. தோட்டம் தனியார் சொத்து. வெளியாள் அத்துமீறி நுழைந்தவன். ஆனால் திருவிழாவுக்கு அடுத்த தோட்டத்து மாமனும் மச்சானும் மேளத்தோடு வந்தால் வாசலில் யார் மறித்தார்? லயத்துக்கு ஓர் ஆள் வரி தண்டினான். ஒருவன் நோட்டில் எழுதினான். யார் கரகம் எடுப்பது, எந்த லயத்துக்கு எந்த நாள் உபயம் என்று ராத்திரியெல்லாம் கூடிச் சண்டையிட்டு முடிவெடுத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வாய் திறக்காதவன் மாலையில் கணக்கு கேட்டான். சங்கம் கூடாது என்றிருந்த காலத்தில் சங்கம் நடத்தப் பழகிய இடம் எது என்கிறீர்கள்? கோயிலைக் கேட்டு மனு எழுதாததற்குக் காரணம், அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது.

மறுசாரார் இதைக் கேட்டுக் கைதட்ட வேண்டாம். அதே திருவிழாவில் முதல் மாலையும் பரிவட்டமும் துரைக்குப் போயின. வேலை கொடுக்கும் தண்டலே பல இடங்களில் கோயில் தலைவர். வரி தராதவனுக்கு மறுநாள் வேலைக்கு என்ன மர நிரை கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். ஆதிதிராவிடர்களுக்குத் தனி லயம். பறை அடித்தவருக்கு வாசலுக்கு வெளியே இடம். 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அவர் பேச்சுக்குக் காது கொடுத்த தோட்டத்து இளைஞனுக்குக் காரணம் வீட்டு வாசலிலேயே இருந்தது. கள்ளை எதிர்த்தவன் கள்ளுக்கடைக்காரனோடு மட்டும் மோதவில்லை. முனியாண்டிக்குக் கள் படைக்கும் தன் தாத்தாவோடும் மோத வேண்டியிருந்தது. 1947இல் கெடாவில் கள்ளுக்கடைகளை எதிர்த்த தொண்டர் படையைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், மணி அடித்துவிட்டார்கள்.

பிற்காலத்தை விரைந்து சொல்கிறேன். தோட்டங்கள் விற்கப்பட்டு, புஞ்சாக் ஆலாம் போன்ற தாமான் நகரங்கள் எழுந்தன. ஆட்கள் வெளியேறினார்கள்; பட்டா இல்லாத அம்மன் அங்கேயே நின்றாள். 2007 அக்டோபர் 30இல் பாடாங் ஜாவா கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25இல் இந்தியர் உரிமைப் பேரணியால் கோலாலம்பூர்ச் சாலைகள் நிறைந்தன. 2018இல் சீபீல்டு கோயில் கலவரம். பழைய துரையின் தாராளத்துக்கு வட்டி கட்டியது பேரப்பிள்ளைகள். மறுபக்கம், பட்டா கிடைத்த கோயில்களில் கோபுரம் உயர்கிறது, குருக்கள் வருகிறார், முனியாண்டி மூலைக்குப் போகிறார். கும்பாபிஷேகச் செலவில் எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்று கேட்டால் கோபிக்கிறார்கள். அந்தக் கோயில் மண்டபத்திலேயே டியூஷன் நடப்பதையும் நான் மறைக்கவில்லை.

இளம் ஆய்வாளர்களுக்குச் சில வேலைகள். கோயில் வரவு செலவு நோட்டுகளைக் கரையான் முந்துமுன் படமெடுங்கள். தோட்டத்துக் கத்தோலிக்க, மெதடிஸ்டுத் தமிழரை இன்று நான் தொடவே இல்லை, தொடுங்கள். வரி கொடுத்த பெண்கள் எந்த ஆண்டில் நிர்வாகக் குழுவுக்குள் வந்தார்கள் என்று கோயில்தோறும் குறித்துவாருங்கள். கோயில் கொட்டகையில் தொடங்கிய தமிழ்ப்பள்ளிகளைத் தனியே பட்டியலிடுங்கள். கலம்பாவுக்கும் கோலசிலாங்கூருக்கும் இடையிலான ஒப்பீட்டை யாராவது முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாம். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முன்வரிசை நண்பர்கள் தொடங்கலாம்.