நம் குரல் தெளிவாகக் கேட்கட்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2006-இல் அனுமதி கொடுத்தது. 2008 அக்டோபர் 15 அன்று, அப்போதைய ஆந்திர மாநிலம் மேதக் மாவட்டத்தில் 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. அதை நடத்துவது யார்? நம்மைப் போலச் சங்கத்தில் சேர்ந்த தலித் பெண்கள்தான். உரிமம் வருவதற்குப் பல வருஷம் முன்பே அவர்கள் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டு வந்தார்கள். ஆக, முதலில் வேண்டியது கோபுரம் இல்லை; பதிவு செய்ய ஒரு நல்ல அறை.

நம் கட்டடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை இருக்கிறது. அங்கே ஒரு அக்கா தன் ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையைப் பேசினார். போட்டுக் கேட்டபோது, "என்னங்க சொல்றாங்க?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். விஷயம் இருந்தது, சொல் விளங்கவில்லை. பொம்பளை பேச்சைக் காதில் வாங்காதவர்களுக்கு இது நல்ல சாக்காகிவிடும்.

காரணம் என்ன? சிமெண்ட் சுவரும் தரையும் சத்தத்தை விழுங்காது. பந்து மாதிரி திருப்பி அடிக்கும். ஒரு சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. பாத்திரம் சாமான் இல்லாத புது வீட்டில் பேசினால் 'கணகண' என்று கேட்குமே, அதேதான். தறிப் பட்டறையில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்கள் உரக்கப் பேசியே பழகியவர்கள். குரல் உயர்ந்தால் எதிரொலியும் சேர்ந்தே உயரும்.

"நம்ம நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? ஒட்டிவிடலாமே" என்று பலர் சொன்னார்கள். முட்டை அட்டை சத்தத்தைச் சிதறடிக்கும், விழுங்குவது கொஞ்சம்தான். மெல்லிய காகிதக் கூழ் அது. தீப்பொறி பட்டால் சுவர் முழுக்கப் பற்றிக்கொள்ளும். நமக்கு வேண்டியது கனமான பஞ்சு. சத்தம் என்பது காற்றின் அதிர்வு. அது பஞ்சு இழைகளுக்குள் நுழைந்து உரசி உரசி அடங்கிவிடும்.

பஞ்சுப் பலகை செய்யும் முறையைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

ரீப்பர் கட்டையில் நாலடி நீளம், இரண்டடி அகலம், நாலு அங்குல ஆழத்தில் சட்டம் அடிக்க வேண்டும். பின்பக்கம் கோழி வலை. உள்ளே சுமார் மூன்று கிலோ பஞ்சு. வெப்படைப் பக்கம் நூற்பாலைகளில் கழிவுப் பஞ்சு கிடைக்கும். எண்ணெய் பட்ட பஞ்சு வேண்டவே வேண்டாம். அது குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெயிலில் காயவைத்துத் தூசி தட்டுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மெத்தை தைப்பது போல இடையிடையே தையல் போட்டால் பஞ்சு கீழே சரியாது. ரொம்ப அழுத்தி அடைக்கவும் கூடாது. காற்று நுழைய வழி வேண்டும். முன்பக்கம் காடா துணி. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் சரி. ரெக்சின், பிளாஸ்டிக் ஆகாது.

மாட்டும்போது சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய இடமில்லை. தள்ளியிருந்தால்தான் அசைகிற காற்று பஞ்சுக்குள் போகும். கனத்த குரலும் அடங்கும். நம் அறைக்கு எட்டுப் பத்துப் பலகை போதும். எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டாதீர்கள். எதிரெதிரே இரண்டு வெறும் சுவர் இருக்கக் கூடாது. பேசுகிறவர் தலைக்கு மேல் ஒன்று, தரையில் ஜமுக்காளம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால், கத்தாமல் பேசினாலே போதும். மாட்டும் முன்பும் பின்பும் கைதட்டிப் பாருங்கள். 'டங்' என்ற ரீங்காரம் போய் 'டப்' என்று கேட்டால் வேலை முடிந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பஞ்சுப் பலகை அறைக்குள் உள்ள எதிரொலியைத்தான் அடக்கும். வெளியே ஓடும் தறி, லாரி, போர்வெல் வண்டிச் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டலாம்; தேவையில்லாத ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கலாம். அதுவும் முடியாவிட்டால், தறி நிற்கும் நேரம் பார்த்துப் பதிவு செய்யலாம்; அதற்குச் செலவே இல்லை.

பஞ்சும் எரியும் பொருள்தான். சுவிட்ச் போர்டு, வயர் பக்கத்தில் பலகை வேண்டாம். விளக்கு, ஊதுபத்தி அறைக்குள் கூடாது. வாசலில் மணல் வாளி இருக்கட்டும்.

சகோதரிகளே, தச்சு வேலையைத் தவிர இதில் நமக்குத் தெரியாத வேலை எதுவும் இல்லை. பஞ்சும் துணியும் தையலும் நம் கைப்பழக்கம். நான்கு குழு சேர்ந்து ஒரு பலகை என்று இன்று தீர்மானம் போடுங்கள். பலகை மாட்டியதும் முதல் பதிவாக அந்தத் தண்ணீர்ப் பிரச்சினையையே மறுபடி பேசச் சொல்லுவோம். ஒவ்வொரு சொல்லும் கேட்பவர் காதில் விழட்டும். காது கேட்கவில்லை என்று யாரும் தப்பிக்க முடியாது.